முதலில் விழுங்கள், வசனம் அப்புறம்: ஐஸ் ஹாக்கியில் விசுவாசப் பாடம் தேடுபவர்களுக்கு

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில், 9ஆம் அதிகாரத்தின் கடைசியில் ஒரு வரி வரும்: "ஆகாயத்தை அடிக்கிறவனாகச் சிலம்பம்பண்ணேன்." கிரேக்க மூலத்தில் இருப்பது குத்துச்சண்டை. நம்மூர் மொழிபெயர்ப்பாளர்கள் அதை எடுத்துவிட்டு, கேட்கிறவன் கண்முன்னே நிற்கிற சிலம்பத்தை வைத்துவிட்டார்கள். பவுல் செய்ததும் அதேதான். கொரிந்துக்குப் பக்கத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடக்கும். ஓட்டமும் குத்துச்சண்டையும் அந்த ஊர்க்காரர்களுக்குத் திண்ணைப் பேச்சு. ஊர் எதைப் பேசுகிறதோ அதை எடுத்துக்கொண்டு அவர் பேசினார்.

நான் இருக்கும் ஊர் பேசுவது ஐஸ் ஹாக்கியை. பாளையங்கோட்டையில் வளர்ந்து, டொராண்டோ பக்கம் குடிவந்து, மகளை ரிங்க்கில் (ஐஸ் ஆடுகளத்தில்) விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே காபியோடு நின்றே நாலு குளிர்காலம் போயிற்று. 42 வயதில் நானும் இறங்கினேன். இப்போது வாரத்தில் ஒரு ராத்திரி, பெரியவர்களுக்கான ஆரம்பநிலைக் குழுவில் ஆடுகிறேன். ஆட்டம் சுமார்தான். சபையில் வாலிபர் கூட்டத்துக்கு அவ்வப்போது ஐந்து நிமிடம் பேசச் சொல்வார்கள். அதில் பாதி, ஐஸில் அடிபட்டுக் கற்றதாகவே இருக்கும். "எனக்கும் ஆடணும் அண்ணே, ஆடுறதோட சேர்த்து இந்த மாதிரி யோசிக்கவும் பழகணும்" என்று இரண்டு தம்பிகள் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முன்கூட்டியே ஒன்று. கையில் வசனத்தை வைத்துக்கொண்டு அதற்கு ஹாக்கியில் ஓர் உதாரணம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிரசங்கத்துக்குப் பூச்சு வேலை, கேட்கிறவர்களுக்கும் தெரிந்துவிடும். உங்களுக்கு ஐஸில் உண்மையாக நடந்ததில் இருந்து தொடங்குங்கள். கீழே இருக்கும் வரிசை முழுக்க அதற்காகத்தான்.

1. ஸ்கேட் கட்டுங்கள், விழுங்கள்

மட்டையைத் தொடுவதற்கு முன் ஸ்கேட்டிங். இரண்டு மாதமோ மூன்று மாதமோ ஆகட்டும். டொராண்டோவில் நகராட்சியின் திறந்தவெளி ரிங்க்குகளில் குளிர்காலத்தில் இலவசமாகவே பழகலாம். ஸ்கேட் வாங்கும்போது உங்கள் ஷூ அளவைவிட ஒன்று அல்லது ஒன்றரை அளவு சிறியதாகப் பாருங்கள். பெருவிரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், குதிகால் அசையக் கூடாது. புது ஸ்கேட் பெரும்பாலும் சாணை பிடிக்காமல்தான் வரும், கடையிலேயே பிடித்துத் தரச் சொல்லுங்கள். பிளேடின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம், இரு ஓரத்திலும் ஒவ்வொரு விளிம்பு. நாம் நிற்பதும் திரும்புவதும் நிறுத்துவதும் அந்த விளிம்புகளை நம்பித்தான்.

ஹெல்மெட் இல்லாமல் இறங்காதீர்கள். முழங்காலை மடக்கி, உட்காரப் போகிறவன் மாதிரி நில்லுங்கள். நிமிர்ந்து நின்றால் பின்பக்கம் விழுவீர்கள், அதுதான் ஆபத்து. விழப்போகிறோம் என்று தெரிந்தால் எதிர்க்காமல் பக்கவாட்டில் விழுங்கள், கை விரல்களை உடனே மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் வருகிறவரின் பிளேடு விரல் மேல் ஏறிவிடக் கூடாது.

என் முதல் நாளில் பன்னிரண்டு தடவையாவது விழுந்திருப்பேன். விழுந்தது பெரிதில்லை, எழத் தெரியவில்லை. இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி எழப் பார்ப்பேன், இரண்டும் இரண்டு திசையில் ஓடிவிடும். ஏழு வயதிருக்கும், ஒரு சிறுமி பக்கத்தில் வந்து நின்று பொறுமையாகச் சொன்னாள்: "முதல்ல முட்டி போடுங்க. அப்புறம் ஒரு காலை மட்டும் வைங்க. ரெண்டு கையையும் அந்த முட்டி மேல வைச்சு அமுக்குங்க." அவள் சொன்னது ஆங்கிலத்தில். ஆனால் எனக்கு ஞாபகத்தில் தமிழில்தான் இருக்கிறது.

நீதிமொழிகள் 24:16 சின்ன வயதிலேயே மனப்பாடம். "நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்." அதை எப்போதும் ஒரு வீர வசனமாகவே சொல்லி வந்திருக்கிறேன், கையை முஷ்டியாக்கி. அன்று ராத்திரி அது வேறு மாதிரி கேட்டது. எழ வேண்டுமென்றால் முதலில் முழங்காலில் நிற்க வேண்டும். வேறு வழியில் முயன்றால் மறுபடி விழ வேண்டியதுதான். இதை நான் ஜோடிக்கவில்லை. எந்தப் பயிற்சியாளரிடம் கேட்டாலும் எழும் முறை இதுதான்.

2. உடைகள்: இங்கே பாடம் தேட வேண்டாம்

புதிதாக எல்லாம் வாங்கினால் ஆயிரம் டாலரை எளிதாகத் தாண்டும். பழைய விளையாட்டுப் பொருள் கடைகளில் நல்ல சாமான் கிடைக்கும். ஹெல்மெட்டும் வாய்க்கவசமும் மட்டும் புதிதாக வாங்குங்கள். கழுத்துக் காப்பு கட்டாயம் இல்லாத குழுவாக இருந்தாலும் போட்டுக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரு தொழில்முறை வீரர் எதிராளியின் ஸ்கேட் பிளேடு கழுத்தில் பட்டு இறந்துபோனார். மட்டை, ஸ்கேட் போட்டு நிற்கும்போது மோவாய் உயரத்துக்கு வந்தால் சரி.

உடுத்தும் வரிசை கீழிருந்து மேலே. இடுப்புக் காப்பு, முழந்தாள் காப்பு, சாக்ஸ், பேன்ட், ஸ்கேட். அப்புறம்தான் தோள் காப்பு, முழங்கை, ஜெர்சி, ஹெல்மெட், கையுறை. தோள் காப்பை முதலில் போட்டுவிட்டால் குனிந்து லேஸ் கட்ட முடியாது. முதல் நாள் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. பக்கத்தில் இருந்த ஆள் சிரித்துக்கொண்டே எனக்கு லேஸ் கட்டிவிட்டார்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் எபேசியர் 6 ஞாபகம் வரும், தேவனுடைய சர்வாயுதவர்க்கம். எனக்கும் வந்தது. ஆனால் பவுலின் வரிசையில் மார்க்கவசம் முன்னால், பாதரட்சை அதற்குப் பிறகு. ஹாக்கியில் அப்படிப் போனால் மேலே சொன்ன கதைதான். அது போகட்டும், விளையாட்டுக்குச் சொன்னேன். உண்மையான சிக்கல் 12ஆம் வசனத்தில் இருக்கிறது. நமக்குப் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்கிறார் பவுல். ரிங்க்கில் எதிரே நிற்பவர்களோ முழுக்க மாம்சமும் இரத்தமும்தான், நாளைக் காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள். அந்த உவமையை இங்கே கொண்டுவந்தால் அந்தப் பாவப்பட்ட மனுஷர்கள் பிசாசின் சேனை ஆகிவிடுகிறார்கள். அதனால் நான் அதை விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுவது நல்லது.

3. காரில் ஒரு வரி எழுதுங்கள்

இதுதான் மொத்த வழிமுறையின் மையம், செலவும் இல்லை. ஆட்டம் முடிந்து, பையை டிக்கியில் போட்டு, காரில் உட்கார்ந்ததும் கிளப்புவதற்கு முன் ஒரு சின்ன நோட்டில் ஒரே ஒரு வரி. நடந்தது மட்டும். வசனம் கூடாது, கருத்து கூடாது, "இதிலிருந்து நான் கற்றது" என்று தொடங்கவே கூடாது.

என் நோட்டில் இருந்து சில:

"பாஸ் கொடுக்காமல் நானே அடித்தேன். அவன் தடுக்க ஆளில்லாமல் நின்றிருந்தான்."

"எதிரணி கோல்கீப்பர் என்னைத் தூக்கிவிட்டார்."

"0–7. ஒருவரும் பேசவில்லை. யாரோ ஆரஞ்சுப் பழம் கொண்டு வந்திருந்தார்."

வார நடுவில் நோட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான வரிகள் செத்துக் கிடக்கும். ஒன்றிரண்டு மட்டும் இன்னும் குத்தும். குத்துகிற வரியை எடுத்துக்கொண்டு வேதத்துக்குப் போங்கள். போனால் ஒரு வசனத்தோடு திரும்பாதீர்கள், அதிகாரம் முழுக்க வாசியுங்கள். காரணம் சொல்கிறேன். விளையாட்டு வீரர்கள் காலணியிலும் மட்டையிலும் எழுதிக்கொள்ளும் வசனம் பிலிப்பியர் 4:13: "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." ஜெயிக்கப் போகிறவனின் வசனம் மாதிரி இருக்கும். இரண்டு வசனம் மேலே போனால், எந்த நிலைமையிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார் பவுல். தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும் என்கிறார். எழுதியது காவலில் இருந்தபடி. அது 7–0க்கான வசனம் இல்லை, 0–7க்கான வசனம். அந்த ஆரஞ்சுப் பழ ராத்திரிக்கு எனக்கு அது சரியாகப் பொருந்தியது.

4. வெளியே வரக் கற்றுக்கொள்ளுங்கள்

கிரிக்கெட், ஃபுட்பால் பார்த்து வளர்ந்த நமக்கு ஹாக்கியில் பிடிபடாத விஷயம் இதுதான். ஐஸில் ஒரு அணிக்கு ஆறு பேர்: கோல்கீப்பர், இரண்டு டிஃபென்ஸ், மூன்று ஃபார்வர்ட். மற்றவர்கள் பெஞ்சில். ஆட்டம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறுவார்கள். ஒருவர் ஐஸில் இருக்கும் நேரத்துக்கு ஷிஃப்ட் என்று பெயர். என்ஹெச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை லீக்) வீரர்களுக்கே அது சுமார் 45 விநாடிதான். முழு வேகத்தில் அதற்கு மேல் கால் தாங்காது.

தாங்காது என்பது நமக்குத் தெரியாது, அதுதான் கஷ்டம். களைத்தவன் தன்னை மெதுவானவனாக உணர மாட்டான், மற்றவர்கள் வேகமாகிவிட்டார்கள் என்றுதான் நினைப்பான். என் இரண்டாவது மாதத்தில் ஒருநாள், பெஞ்சில் இருந்து என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள், கேட்கிறது, ஆனால் பக் (நாங்கள் அடிக்கும் ரப்பர் வட்டு) எனக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று இரண்டு நிமிடம் இருந்துவிட்டேன். என் பக்கமாகவே ஓடிப்போய் கோல் போட்டார்கள். துரத்தக் கால் வரவில்லை. பெஞ்சுக்கு வந்தபோது, எனக்குப் பதில் இறங்க வேண்டியவர் பலகைச் சுவரின் மேல் ஒரு காலைப் போட்டபடி அப்படியே இருந்தார். திட்டவில்லை. காலை இறக்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்த வாரம் யாத்திராகமம் 18 வாசித்தேன். காலையில் இருந்து சாயங்காலம் வரை ஒற்றை ஆளாக ஜனங்களுக்கு நியாயம் விசாரிக்கும் மோசேயைப் பார்த்து மாமனார் எத்திரோ சொல்கிறார்: நீரும் உம்மோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள். ஜனங்களும் என்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை. நான் வெளியே வர மறுத்தால் களைப்பது நான் மட்டும் இல்லை. பதினோரு வருடமாக ஒரே ஆள் பாடகர் குழுவை நடத்துகிற சபைகளை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இதோடு சேர்த்துச் சொல்ல ஒரு கதை உண்டு, கனடாவில் தாத்தாக்கள் எல்லாம் கண்ணால் பார்த்த கதை. 1972 செப்டம்பர் 28, மாஸ்கோ. கனடாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் எட்டு ஆட்டத் தொடரின் கடைசி ஆட்டம். ஆட்டத்துக்கு மூன்று பகுதி, பீரியட் என்பார்கள். இரண்டாம் பீரியட் முடிவில் 5–3 என்று சோவியத் முன்னிலை. மூன்றாவதில் கனடா 5–5 ஆக்கிவிட்டது. கடைசி நிமிடம். பெஞ்சில் இருந்த பால் ஹென்டர்சன், ஐஸில் இருந்த பீட்டர் மஹோவ்லிச்சை வெளியே வரச் சொல்லிக் கத்துகிறார், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மஹோவ்லிச் வந்துவிட்டார். ஹென்டர்சன் இறங்கி, வந்த பாஸைத் தவறவிட்டு, கோலுக்குப் பின்னால் சுவரில் போய் விழுந்து, எழுந்து, சக வீரர் எஸ்போசிட்டோ அடித்துத் திரும்பிய பக்கைப் பிடித்து அடித்தார். சோவியத் கோல்கீப்பர் த்ரெத்தியாக் தடுத்தார். மறுபடி அடித்தார். கோல். 34 விநாடி மிச்சம், 6–5, தொடர் கனடாவுக்கு.

எல்லோரும் ஹென்டர்சனைப் பற்றித்தான் பேசுவார்கள். பேசட்டும். ஆனால் உலகமே பார்க்கும் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் கூப்பிட்டதும் வெளியே வந்தாரே, அந்த மஹோவ்லிச்தான் எனக்குத் தேவைப்படுகிற ஆள். அந்தப் பெரிய கோலுக்குப் பிறகும் மனநிறைவு கிடைக்கவில்லை என்று ஹென்டர்சனே பின்னாட்களில் சொல்லியிருக்கிறார். 1975இல் அவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார், அப்புறம் பல ஆண்டுகள் டொராண்டோ பகுதியில் ஆண்களுக்கான வேதபாடக் குழுக்களை நடத்தினார்.

செய்முறையாக: அடுத்த ஆட்டத்தில் பெஞ்ச் கூப்பிடுவதற்கு முன்னாலேயே நீங்களாக ஒரு தடவை வெளியே வாருங்கள். எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

5. பெனால்டி பாக்ஸில் உட்காரும்போது

சின்னக் குற்றத்துக்கு 2 நிமிடம், பெரிய குற்றத்துக்கு 5 நிமிடம். நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்க, உங்கள் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் மாட்டுவது வேகம் போதாமல்தான். முந்திப் போகிறவனை மட்டையால் கொக்கி போட்டு இழுப்பீர்கள். அது தெரியாமல் நடப்பது. இன்னொரு வகை, பதிலடி. ஒருவன் இடித்துவிட்டுப் போவான், நடுவர் பார்த்திருக்க மாட்டார். நீங்கள் திரும்பி ஒன்று வைப்பீர்கள், அது மட்டும் பளிச்சென்று தெரியும். இரண்டாவது அடியைத்தான் நடுவர் பார்ப்பார் என்று ரிங்க்கில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் நடந்திருக்கிறது. அந்த இரண்டு நிமிடம், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, நாலு பேர் எனக்காக மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். "கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" என்று யாக்கோபு எழுதியதன் அளவு எனக்கு அங்கேதான் தெரிந்தது. அரை விநாடி தாமதித்திருந்தால் போதும்.

வாலிபர்களிடம் இதைப் பேசும்போது டேவிட் பாவர் கதையைச் சொல்லுவேன். கத்தோலிக்கக் குருவானவர், பசிலியன் சபை. கல்லூரி மாணவர்களை வைத்துக் கனடாவுக்கு ஒரு தேசிய அணியை உருவாக்கி 1964 இன்ஸ்புருக் ஒலிம்பிக்குக்குக் கூட்டிப்போனவர். ஸ்வீடனோடு ஆடும்போது எதிரணி வீரர் ஒருவர் எறிந்த உடைந்த மட்டை, கனடா பெஞ்சில் நின்ற பாதிரியாரின் முகத்தில் பட்டுக் கிழித்துவிட்டது. அவருடைய பையன்கள் பாய எழுந்தார்கள். ஒருவரும் பெஞ்சை விட்டு இறங்கக் கூடாது என்று அவர் தடுத்துவிட்டார். அந்த ஆட்டத்தைக் கனடா 3–1 என்று ஜெயித்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் ராத்திரி வேறு இரண்டு நாடுகள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க, மட்டை எறிந்த அதே வீரரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கனடா நான்காவது இடத்தில் முடித்தது, அணிக்குப் பதக்கம் இல்லை. பாவருக்கு மட்டும் அந்த நடத்தைக்காகத் தனியாக ஒரு தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். மறுகன்னத்தைக் காட்டு என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், பக்கத்து நாற்காலியைக் காட்டு என்று சொல்லலாம் போலிருக்கிறது.

பெனால்டி பற்றி இன்னொன்று. விதிப் புத்தகத்தில் இதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. கோல்கீப்பர் குற்றம் செய்தால் அவர் பெனால்டி பாக்ஸுக்குப் போவதில்லை. அவருக்காக, ஐஸில் இருந்த வேறொருவர் போய் உட்காருகிறார். குற்றம் ஒருவருடையது, தண்டனையை அனுபவிப்பவர் குற்றமில்லாத இன்னொருவர்.

அப்படியே பிரசங்க மேடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றும். நானும் ஓடினேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "அங்கிள், பாக்ஸ்ல போய் உட்கார்றவங்க விரும்பியா போறாங்க?" இல்லை. விதி அனுப்புகிறது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போவார்கள். அவள் கேட்டது சரியான கேள்வி. யோவான் 10:18இல் இயேசு தம் ஜீவனைப் பற்றிச் சொல்வது, "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்று. உவமை அந்த இடத்தில் உடைகிறது. உடைகிற இடத்தை மறைக்காமல் காட்டுங்கள். அன்றிலிருந்து நான் அந்தக் கதையைச் சொன்னால் அந்தப் பிள்ளையின் கேள்வியையும் சேர்த்தே சொல்கிறேன், அதுதான் கதையைவிட நன்றாக வேலை செய்கிறது.

உடைந்ததால் முழுசாகத் தூக்கிப்போட்டதும் உண்டு. 1956 வரை, என்ஹெச்எல்லில் சின்னப் பெனால்டி வாங்கியவர், எதிரணி எத்தனை கோல் போட்டாலும் 2 நிமிடம் முழுக்க உள்ளே இருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு கோல் விழுந்ததும் வெளியே வரலாம் என்று மாற்றினார்கள். நியாயப்பிரமாணத்துக்குப் பின் கிருபை என்று அழகாகப் பேசியிருக்கலாம். விசாரித்துப் பார்த்தால் விஷயம் வேறு. மான்ட்ரியல் அணி அந்த இரண்டு நிமிடத்தில் கோலாகக் குவித்தது. 1955 நவம்பரில் பெலிவோ மட்டும் 44 விநாடியில் மூன்று கோல் போட்டார். மற்ற அணிகள் அலறியதில் விதி மாறியது. இதில் கிருபை எங்கே இருக்கிறது?

6. கடைசிக்கு முந்தின பாஸ்

கோல் விழுந்தால், போட்டவருக்கு மட்டும் கணக்கு எழுதுவதில்லை. பாஸ் கொடுத்தவருக்கும், அவருக்குக் கொடுத்தவருக்கும் அசிஸ்ட் என்று எழுதுவார்கள். ஒரு கோலுக்கு இரண்டு அசிஸ்ட் வரை. இரண்டாவது அசிஸ்ட் கொடுத்தவரை அரங்கத்தில் யாரும் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். என்ஹெச்எல்லில் வேய்ன் கிரெட்ஸ்கி என்ற வீரரின் 894 கோல் சாதனையை 2025 ஏப்ரலில் ஒவெச்கின் என்பவர் தாண்டிவிட்டார். ஆனால் கிரெட்ஸ்கியின் 1963 அசிஸ்ட்டுகள் அப்படியே இருக்கின்றன. வேறு எந்த வீரரின் கோலையும் அசிஸ்ட்டையும் சேர்த்துக் கூட்டினாலும் அந்த எண்ணை எட்டவில்லை.

நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார் என்று பவுல் அதே கொரிந்தியருக்கு எழுதினார். இதை நான் விளக்க வேண்டியதில்லை. பழக்கம் ஒன்று மட்டும் சொல்கிறேன். கோல் போட்டவரிடம் எல்லோரும் போவார்கள், நீங்கள் அந்த இரண்டாவது பாஸ் கொடுத்தவரிடம் போய்க் கையுறையால் தட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் செய்யலாம். எங்கள் சபையில் நாற்காலி அடுக்குகிறவர் ஒருவர் இருக்கிறார், மாலை ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு. அவருக்கு ஹாக்கி தெரியாது. நான் போய் முஷ்டியை நீட்டினால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

7. மற்றவர்களிடம் சொல்வதற்கு முன்

உடை மாற்றும் அறை பிரசங்க மேடை இல்லை. உங்களோடு ஆடுகிறவர்களில் பல மதத்தினர் இருப்பார்கள், மதமே வேண்டாம் என்றவர்களும் இருப்பார்கள். எல்லோரும் ராத்திரி பத்தேமுக்காலுக்கு வந்திருப்பது ஆட. ஒரு வருடம் சும்மா ஆடுங்கள். நேரத்துக்கு வாருங்கள், நடுவரிடம் கத்தாதீர்கள், பக்கைப் பொறுக்கிப் போடுங்கள். கேட்டால் சொல்லுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் இரண்டாவது வருடத்தில், கார் நிறுத்துமிடத்தில், குனிந்து பையைத் தூக்கியபடியே கேட்டார்: "நீ ஜெபம் பண்ணுவியாமே. எங்க அம்மாவுக்கு ஆபரேஷன்." அவ்வளவுதான் பேச்சு. அது போதும்.

ஜெயிக்கச் செய்யும் ஆண்டவரே என்று ஜெபிக்காதீர்கள். எதிரணியிலும் ஒரு போதகர் மகன் இருக்கலாம். யாருக்கும் அடிபடாமல் இருக்கவும், என் வாய் அடங்கியிருக்கவும் நான் ஜெபிக்கிறேன். இரண்டாவது அடிக்கடி தேவைப்படுகிறது.

சிரிப்புக்கு இடம் கொடுங்கள். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியோடு 1948இல் ஸ்டான்லி கோப்பை (என்ஹெச்எல்லின் சாம்பியன் கோப்பை) ஜெயித்த லெஸ் காஸ்டெல்லோ என்பவர், ஹாக்கியை விட்டுவிட்டுக் குருவானவர் ஆனார். 1960களில் பாதிரிமார்களையே சேர்த்து ஃபிளையிங் ஃபாதர்ஸ் என்று ஓர் அணி கட்டினார்கள். ஊர் ஊராகப் போய், கோமாளித்தனம் பண்ணி ஆடி, தர்ம காரியங்களுக்குப் பணம் திரட்டினார்கள். அங்கி போட்டவர்கள் ஐஸில் உருண்டு விழுவதைப் பார்த்து ஊரே சிரித்தது. பக்தி என்றால் முகத்தை இறுக்கி வைத்துக்கொள்வது என்று நினைக்கிற நம்மாட்களுக்கு இந்தக் கதை நல்லது.

சிறுவர்களிடம் பேசுவதானால், ஸ்கேட் கட்டுவதற்கு முன்பே பேசி முடியுங்கள், ஐந்து நிமிடத்துக்குள். கட்டிய பிறகு ஒரு வார்த்தையும் காதில் ஏறாது. ஐஸைச் சீர்படுத்தும் ஸாம்போனி வண்டி ஓடும்போது மட்டும் எல்லோரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்பார்கள், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அந்த வண்டி முதலில் கத்தியால் மேல்பரப்பைச் சுரண்டும், அப்புறம் வெந்நீர் ஊற்றும். வெந்நீர் கீறல்களுக்குள் இறங்கி, பழைய ஐஸை லேசாக இளக்கி ஒட்டிக்கொள்ளும். சுரண்டாமல் ஊற்றினால் குப்பையும் சேர்ந்து உறைந்துவிடும். 51ஆம் சங்கீதத்தை அந்த இரைச்சலில் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். விளக்கம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பற்றியும் கேட்பார்கள். காலை ஐஸ் நேரம் மலிவாகக் கிடைக்கும், குழுவும் அழைக்கும். நான் வாரநாள் ராத்திரிக் குழுவைத் தேடிச் சேர்ந்தேன், தூக்கம் போனாலும். பிள்ளைகளின் போட்டிகள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தே தீரும். அதற்கு ஒவ்வொரு வீடும் சீசன் தொடங்குவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்வது நல்லது. சீசன் நடுவில் பேசினால் சண்டைதான் வரும். எங்கள் வீட்டில் வந்தது.

8. வீட்டுக்கு வந்ததும்

பையை காரிலேயே விட்டுவிடாதீர்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கையுறையைத் திறந்த மாதிரி, முழந்தாள் காப்பை விரித்து, நிலவறையில் மின்விசிறி முன்னால் தொங்கவிடுங்கள். பிளேடைத் துணியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் உறையைப் போடுங்கள். பிளாஸ்டிக் உறையை மாட்டி வைத்தால் துருப்பிடிக்கும். ஒருநாள் விட்டாலும் அந்த நாற்றத்தை வீட்டில் உள்ளவர்கள் மன்னிப்பது கஷ்டம். என் நோட்டு, முதல் வருடம் முழுக்க அந்தப் பைக்குள்ளேயேதான் கிடந்தது. இப்போது அதை வாலிபர் கூட்டத்தில் திறந்தால் முன்வரிசைப் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்துவிடுகிறார்கள். உங்கள் நோட்டை காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் வையுங்கள், பேனாவோடு.